ஏற்றத்தில் மட்டும் கொதிக்கும் வண்டி

வ்ராத்சா நகரத்துக்குப் போகும் மலைச் சாலையில், ஏற்றம் தொடங்கும் வளைவில், பர்வானின் பழைய லாடா கார் மறுபடியும் கொதித்தது. சூடு காட்டும் முள் சிவப்புக்குள் போய் ஒட்டிக்கொண்டது. பானெட் விளிம்பில் ஆவி கிளம்பியது. அவர் வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்திவிட்டு, லோசானைத் திட்டினார். வண்டியைத் திட்டவில்லை. அவர் வாழ்நாளில் பாதி அது கூடவே இருந்திருக்கிறது. அது பொய் சொல்லாது. மனுஷன்தான் சொல்லுவான்.

லோசான்தான் ஊரில் மிச்சமிருந்த ஒரே மெக்கானிக். மற்றவர்களெல்லாம் இத்தாலி, ஜெர்மனி என்று போய்விட்டார்கள். வசந்த காலத்திலிருந்து அவன் இந்த வண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஊருக்குள் ஓட்டினால் ஒன்றுமில்லை. அவன் வீட்டு முற்றத்தில் இன்ஜினை ஓடவிட்டு இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள். முள் பாதியில் நின்றது, ஃபேன் ஒழுங்காகச் சுற்றியது. மலைச் சாலையில் வேகமெடுத்தால்தான் கொதிக்கும். அதுவும் எல்லா நாளும் இல்லை. ஒரு நாள் கொதிக்கும், அடுத்த நாள் சாதுவாக வ்ராத்சா வரை போய்த் திரும்பும்.

"நிக்கும்போது சூடாகி ஓடும்போது ஆறினா அது நியாயம். இது தலைகீழா இருக்கு அண்ணே" என்றான் லோசான்.

"தலைகீழா இருக்கறது உன் மூளைடா."

அவன் சிரித்தான். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, சமையலறையில் ஒரு சட்டித் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்தான். தண்ணீர் கொதி வந்ததும் அது வாயைத் திறந்தது; அதில் கோளாறில்லை. "அது என் சூப்புச் சட்டி!" என்று அவன் பெண்டாட்டி கத்தினாள். பிறகு ரேடியேட்டர் மூடியை மாற்றினான். பெல்ட்டை இறுக்கினான். வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தி, தண்ணீர்க் குழாயில் அடைத்த காற்றை வெளியேற்றினான். கீழ் ரப்பர் ஹோஸ் வேகத்தில் உறிஞ்சப்பட்டுச் சப்பையாகிறதோ என்று அதையும் புதிதாகப் போட்டான்.

கடைசியில் சொன்னான்: "ரேடியேட்டரை ஒருதரம் கழட்டிடலாம் அண்ணே. முன்னாடியும் பின்னாடியும் பாத்துடுவோம்."

"அதைத் தொடாதே. பழசு. கழட்டினா திருகு மாட்டற காது ஒடிஞ்சிடும்."

மறுவாரமும் கேட்டான். அதே பதிலைச் சொன்னார்.

அது பொய். காது ஒடியாது. அது நல்ல விலை போகும் செம்பு ரேடியேட்டர். கழற்றி உள்ளே எடுத்துப்போனால் திரும்பி வருவது அலுமினியமாக இருக்கும் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். சோஃபியாவில் ஒரு பட்டறையில் முன்பு அவருடைய புது பேட்டரியைக் கழற்றிவிட்டுச் செத்ததை மாட்டிக்கொடுத்தான் ஒருவன். அன்றிலிருந்து எந்தப் பட்டறையிலும் அவர் வண்டியைத் தனியாக விடுவதில்லை. லோசான் வேலை செய்யும் நாளெல்லாம் பக்கத்தில் பியர் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். லோசான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பேச்சுத் துணைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தான். அப்பா இல்லாத பிள்ளை. காபி கொடுத்தான், சீஸ் வைத்துச் சுட்ட பானிட்சா கொடுத்தான், தன் கவலையெல்லாம் சொன்னான். அவர் பானிட்சாவைத் தின்றார், கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வண்டி மறுபடி கொதித்ததும் அவர் நேரே கஃபேக்குப் போனார். எல்லோர் காதிலும் விழும்படி, "லோசான் ட்ராக்டர் டயருக்குக் காத்தடிக்கத்தான் லாயக்கு. அவனை நம்பி ஒரு கைவண்டியக்கூட விடாதீங்க" என்றார். லோசான் பின்னால்தான் நின்றிருந்தான். பாதி பியரை வைத்துவிட்டு வெளியே போனான். அப்போது பர்வானுக்கு நன்றாகத்தான் இருந்தது.

இப்போது வளைவில் ஆவி அடங்கக் காத்திருந்தார். தண்ணீர் எங்கே ஒழுகுகிறது என்று தானே பார்த்துவிடுவது என்று சட்டையோடு தார்ச்சாலையில் படுத்து, தலையை பம்பருக்கு அடியில் விட்டார்.

ரேடியேட்டருக்கு முன்னால், அடிச்சட்டத்தின் மேல், ஏதோ சிவப்பாகக் கிடந்தது. விரலால் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார். செர்ரிப்பழம் அச்சடித்த மெழுகுத்துணி. அவர் வீட்டுச் சமையலறை மேசையில் வருஷக்கணக்காகக் கிடந்த துணி.

அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி இருக்க முடிந்தால் இருந்திருப்பார்.

குளிர்காலத்தில் இன்ஜின் சீக்கிரம் சூடேற வேண்டுமென்று ஊரில் எல்லோரும் செய்வதுபோல அவரும் ரேடியேட்டருக்கு முன்னால் ஓர் அட்டையைச் செருகி வைப்பார். பனியில் அட்டை ஊறிப்போகக் கூடாது என்று இந்த முறை அதை மெழுகுத்துணியில் சுற்றினார். பனி உருகியதும் அட்டையை உருவினார். அட்டை மொட்டையாக வந்தது. துணி எங்கே என்று அன்றைக்கே யோசித்தார். எவனாவது உருவிக்கொண்டு போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டார்.

அது எங்கும் போகவில்லை. நழுவி அடியில் மடிந்து கிடந்திருக்கிறது. வேகமாகப் போனால் எதிர்க்காற்று கீழிருந்து அதைத் தூக்கி ரேடியேட்டர்மேல் அப்பும். நிறுத்தினால் பழையபடி கீழே சரிந்து படுத்துக்கொள்ளும். பானெட்டைத் திறந்து பார்ப்பவன் கண்ணில் அது படாது. ரேடியேட்டரைக் கழற்றியிருந்தால் பட்டிருக்கும்.

சாலையில் யாருமில்லை. பள்ளத்தில் வீசிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. வீசவில்லை. ஏன் என்று அவருக்கே தெரியாது. சுருட்டி சீட்டுக்கு அடியில் திணித்தார், தண்ணீர் ஊற்றினார், மனைவி வெலிகாவுக்குக் கண் மருந்து வாங்க வ்ராத்சா போய்த் திரும்பினார். போகும்போதும் வரும்போதும் வேண்டுமென்றே விரட்டினார். முள் பாதியைத் தாண்டவில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சீட்டுக்கு அடியில் கிடந்த துணியைக் குதிகாலால் இன்னும் உள்ளே தள்ளினார்.

ஊருக்குள் நுழையும்போது லோசான் தன் வாசலில் நின்று கையைக் காட்டினான். நிறுத்தாமல் போக முடியவில்லை.

"கொதிச்சுதா அண்ணே?"

"இல்ல. சரியாப் போச்சு."

"எப்படி?"

"நீ மாத்தின ஹோஸ்தான்."

"ஹோஸ் மாத்தினப்புறம்தானே ஞாயித்துக்கிழமை கொதிச்சுது? நீங்களே கஃபேல சொன்னீங்க." அவன் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டான். குரலில் கோபமில்லை. அதுதான் அவரைக் குத்தியது. "தானா சரியானது தானா கெட்டுப்போகும் அண்ணே. என்ன கோளாறுன்னு தெரியாத வண்டி சரியான வண்டி இல்ல."

"ஓடுதுல்ல, விடேன்டா."

"நான் விட்டுட்டேன். சாயங்காலம் இஸ்க்ராகிட்டயும் சொல்லிடப் போறேன்."

இஸ்க்ரா ஊர்த்தலைவி. ஊரிலிருந்து கிழடுகளை வ்ராத்சா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் மினிபஸ்ஸைப் பராமரிக்கும் வேலையை அவள் லோசானுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தாள். அந்த வேலை வந்தால் வெளிநாடு போக வேண்டியதில்லை என்று அவன் பர்வானிடம் பியர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறான்.

"என்ன சொல்லப் போற?"

"வேணாம்னுதான். ஒரு லாடா ஏன் சூடாகுதுன்னு கண்டுபிடிக்கத் துப்பில்லாதவன் நோயாளி ஏறுற வண்டிய தொடலாமா? நடுமலையில நின்னா யாரு பதில் சொல்றது? நீங்க சொன்னது சரிதான் அண்ணே. எனக்கு டயருக்குக் காத்தடிக்கத்தான் வரும். மச்சான் இத்தாலியில, பொலோன்யால இருக்கான். கோழிப்பண்ணையில வேல இருக்காம். கோழிக்கு ரேடியேட்டர் கிடையாது."

அவனே சொல்லி அவனே சிரித்தான். பர்வான் கியரைப் போட்டார். தன் வீட்டு வாசல் வரை போனார். இறங்கவில்லை. வெலிகா கதவைத் திறந்து, "ஏங்க, மருந்து எங்க? உள்ள வாங்க, என்ன வண்டிக்குள்ளயே குடித்தனமா?" என்றாள். மருந்தை ஜன்னல் வழியே கொடுத்துவிட்டு அப்படியே ரிவர்ஸ் எடுத்தார்.

லோசான் தன் முற்றத்தில் முகத்துக்கு சோப்புப் போட்டுக்கொண்டிருந்தான். ஊர்த்தலைவியிடம் போக சுத்தமான சட்டையை வேலியில் தொங்கவிட்டிருந்தான். பர்வான் சீட்டுக்கு அடியிலிருந்து துணியை இழுத்து அவன் முன்னால் நீட்டினார்.

"என்ன இது?"

"ரேடியேட்டருக்கு முன்னாடி கெடந்துது. அட்டைய சுத்தி நான்தான் வச்சேன். மறந்துட்டேன்."

லோசான் ஈரக்கையால் துணியை வாங்கி விரித்தான். நீள அகலம் பார்த்தான். பிறகு வண்டிக்கு முன்னால் போய் மண்டியிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான். எழுந்தபோது கண் வேறு மாதிரி இருந்தது.

"திரும்ப வைங்க. எப்படிக் கெடந்துதோ அப்படியே."

"எதுக்குடா?"

"நான் பாக்கணும் அண்ணே."

வைத்தார். இருவரும் ஏறிக்கொண்டார்கள். அவன் முகத்தில் இன்னும் சோப்பு இருந்தது. ஊரைத் தாண்டியதும், "மிதிங்க" என்றான். ஏற்றத்தில் முள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. லோசான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். முள் சிவப்பைத் தொடப்போகும்போது டேஷ்போர்டில் ஓங்கி அறைந்தான்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா! நிறுத்துங்க, நிறுத்துங்க."

நிறுத்தியதும் குதித்து ஓடிக் குனிந்தான். "விழுந்துருச்சு! நல்ல புள்ள மாதிரி படுத்திருக்கு பாருங்க!" துணியை உருவி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவன் சிரித்த சிரிப்பை பர்வானால் பார்க்க முடியவில்லை. சாலையைப் பார்த்தார்.

"எல்லாம் சரியாத்தான் அண்ணே செஞ்சிருக்கேன். தெர்மோஸ்டாட், மூடி, ஹோஸ், எல்லாம் சரி. என் கை சரி. இஸ்க்ராகிட்ட போயி பஸ் சாவிய வாங்கறேன் இப்பவே." பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்: "தப்பு ஒண்ணே ஒண்ணு, அது என்னோடது. ரேடியேட்டர கழட்டியே ஆகணும்னு நான் பிடிவாதம் பிடிச்சிருக்கணும். காது ஒடியும்னு நீங்க பயந்தீங்க, நானும் சரின்னுட்டேன். இனிமே யாரு சொன்னாலும் கேக்க மாட்டேன்."

அங்கேயே விட்டிருக்கலாம். அவன் சந்தோஷமாக இருந்தான். வேலையும் கிடைத்த மாதிரிதான். மறதி எல்லா மனுஷனுக்கும் உள்ளது. அதற்காக யாரும் யாரையும் வெறுப்பதில்லை. ஆனால் அவன் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டதை பர்வானால் தாங்க முடியவில்லை.

"காது ஒடியாதுடா" என்றார்.

"என்ன?"

"அது செம்பு. நீ எடுத்துக்கிட்டு வேற மாட்டிடுவியோன்னு பயந்தேன். அதான் தொட விடல. பெட்டியப் போட்டு உக்காந்திருந்ததும் அதுக்குத்தான்."

லோசான் அவரைப் பார்த்தான். சோப்பு காய்ந்து கன்னத்தில் வெள்ளையாக இருந்தது.

"அத்தனை நாளுமா?"

"அத்தனை நாளும்."

அவன் தோளிலிருந்த துணியை எடுத்து, மடித்து, சூடான பானெட்டின்மேல் வைத்தான். வைத்துவிட்டு ஊரைப் பார்த்து நடக்கத் தொடங்கினான்.

பர்வான் வண்டியைத் திருப்பி, முதல் கியரில் அவன் பக்கத்திலேயே ஓட்டினார். பக்கத்து சீட்டுக் கதவை எட்டித் திறந்து பிடித்துக்கொண்டார்.

"ஏறுப்பா. லோசான். ஏறுடா."

அவன் ஏறவில்லை. திட்டவும் இல்லை. திட்டினால் தேவலை என்றிருந்தது அவருக்கு. முதல் வீடு தெரிந்த இடத்தில், திரும்பிப் பார்க்காமல் சொன்னான்: "தண்ணி வத்தியிருக்கும். ஊத்திட்டு ஓட்டுங்க. இப்படியே போனா இன்ஜின் ஹெட் வளைஞ்சுரும்." பிறகு இஸ்க்ரா அலுவலகத்துக்குக் குறுக்கே போகும் மண்பாதையில் இறங்கிப்போனான். அங்கே வண்டி போகாது.