பதிலில் கேள்வி கூடாது

சென்னைக்குப் போகப் போவது நான்தான் என்று பள்ளி முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அன்று விருதுநகரில் மாவட்ட இறுதிச் சொற்போர். ஜெயித்தால் சென்னையில் மாநிலப் போட்டி. “ஜெயிச்சிட்டு வா நாதியா, நானே ரயிலேத்தி விடுறேன்” என்று என்னைப் பெற்ற அத்தா வாக்குக் கொடுத்திருந்தார்.

தலைப்பு, பள்ளி மாணவருக்குச் செல்போன் தேவையா என்பது. தேவை என்று நான். தேவையில்லை என்று ஆமத்தூர் ஓவியா. அவள் அம்மாவும் அப்பாவும் பட்டாசுக் கம்பெனியில் வேலை. தீபாவளி சீசன் என்பதால் தனியாகவே பஸ் ஏறி வந்திருந்தாள்.

இருவரும் பேசி முடித்ததும் வினா நேரம். ஒருவர் கேள்வி மட்டும் கேட்க வேண்டும், மற்றவர் பதில் மட்டும் சொல்ல வேண்டும். திருப்பிக் கேள்வி கேட்டால் நடுவர் மணியடிப்பார், மதிப்பெண் போய்விடும். “சாப்பிட்டீகளா?” என்றால் “சாப்பிடாம இருப்பாகளா?” என்று பதில் சொல்லும் எங்கள் ஊருக்கு இப்படி ஒரு விதி!

முதலில் நான் கேட்டேன். “செல்போன் இருந்தால் படிப்பு கெடும் என்கிறீர்களா?”

“கெடாம என்ன செய்யும்?” என்றாள் ஓவியா. மணி அடித்தது. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. அந்த நேரம் பார்த்து அத்தாவும் மிளகாய் மண்டியைப் பூட்டிவிட்டு வந்து சேர்ந்தார். நான் கை காட்டினேன், முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

என் கேள்விகள் முடிந்ததும் ஓவியாவின் முறை.

“இப்போது உங்களிடம் செல்போன் இருக்கிறதா?”

“இல்லை.”

“உங்களை அழைத்துப் போக யார் வந்திருக்கிறார்?”

“என் அத்தா.”

“எப்போது வர வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னது?”

“காலையில் நானே சொன்னேன்.”

“வாயால் சொன்னதை நம்பியா வந்தார்?”

“பின்ன, வராம இருப்பாகளா?”

மணி அடித்தது. அரங்கமே சிரித்தது. போனது மதிப்பெண் மட்டுமில்லை, என் வாதமும்தான் என்று உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. செல்போன் இல்லாமலே எல்லாம் நடக்கும் என்று என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன்!

ஓவியா ஜெயித்தாள். கோபம் பொத்துக்கொண்டு வந்தாலும் நேரே அவளிடம் போனேன்.

“வீட்லயே யோசிச்சிட்டு வந்தியா?”

“இல்ல. ஒங்க அத்தாவுக்குக் கை காட்டுனீகள்ல, அப்பத்தான் தோணுச்சு.”

எனக்கு மலைப்பாக இருந்தது. நான் கை காட்டி இறக்குவதற்குள் அத்தனை கேள்விகளையும் கோத்திருக்கிறாள். அப்படி ஒரு மூளையை நான் அதுவரை பார்த்ததில்லை.

வண்டியில் திரும்பும்போது எங்கே தப்பியிருக்கலாம் என்று ஒவ்வொரு பதிலாக மாற்றிப் பார்த்தேன். ஒரே ஒரு வழிதான் இருந்தது.

“என் சொல்லை நம்பி எங்க அத்தா வரலைன்னு சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பேன் அத்தா.”

“சொல்லியிருக்க வேண்டியதுதானே? மெட்ராஸ் போயிருக்கலாம்ல.”

“எப்படிச் சொல்ல? நீங்கதான் முன்னால உக்காந்திருந்தீகளே.”

அத்தா வண்டியை ஓரமாக நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். மண்டிக்காரர் கண்ணுக்கு மிளகாய் நெடி எப்போதோ பழகிவிட்டது.