யார் கையில் ஒடிந்தது

வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்துவிட்டது. தாயில்லாப் பிள்ளையின் கையை மாற்றாந்தாய் ஒடித்துவிட்டாளாம்! தென்காசியில் அந்த நெசவாளர் தெரு முழுக்க அதே பேச்சு.

நடந்தது இவ்வளவுதான். ஐம்பத்தெட்டாம் வருஷத்துச் சாரல். ஐந்தருவிப் பாறையில் சிறுமி ஹாஜராவுக்குக் கால் வழுக்கியது. நூருன்னிசா பதறிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். சடக்கென்று ஒரு சத்தம்; பிள்ளை அலறியது.

கட்டுப் போடுகிற வைத்தியர் முட்டை வெள்ளையும் உளுந்தமாவும் குழைத்துப் பத்துப் போட்டு, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். அந்த மனுஷன் தன் வாயையும் கட்டியிருக்கலாம். "சும்மா இழுத்தா இப்படி ஒடியாது. முறுக்கியிருக்கணும்" என்றுவிட்டார்.

"சின்னும்மாவா இழுத்தா?" என்று மகளிடம் கேட்டான் துல்கர்னைன். பிள்ளை ஆமாம் என்றது. பொய்யில்லையே! அன்றைக்கே மனைவியை ஆலங்குளத்தில் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டான். நூருன்னிசா மறுத்துப் பேசவில்லை. நாம்தான் வேகமாக இழுத்துவிட்டோமோ என்று அவளுக்கே சந்தேகம். பெறாத பிள்ளைதான், ஆனாலும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்கும். அதை நினைத்து நினைத்து அழுதாள்.

மறுவருஷம் சாரல் தொடங்குகிற நேரத்தில் துல்கர்னைன் வந்து நின்றான், மகளோடும் ஒரு எக்ஸ்ரே படத்தோடும்.

"நோன்புப் பெருநாளன்னைக்குப் பிள்ளையை மாட்டு வண்டியில தூக்கி ஏத்துனேன். என் கையிலேயே, அதே இடத்துல ஒடிஞ்சு போச்சு. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். எலும்புக்குள்ள நீர்க்கட்டி இருக்காம். லேசாப் பிடிச்சாலே ஒடியுமாம். புத்துநோய் இல்ல, வளர வளர ஆறிரும்னு டாக்டர் சொல்லுதாரு. உன் மேல குத்தமில்ல நூருன்னிசா. வா, வீட்டுக்குப் போவோம்."

அவள் படத்தைப் பார்க்கவே இல்லை.

"உங்க கையில ஒடிஞ்சப்ப, அடிச்சீங்களா முறுக்குனீங்களான்னு யாராவது கேட்டாங்களா?"

"இல்ல."

"என் கையில ஒடிஞ்சப்ப என்னையச் சந்தேகப்பட்டீங்க. உங்க கையில ஒடிஞ்ச பொறவுதான எலும்பைச் சந்தேகப்பட்டீங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சின்னும்மா, தூக்கு" என்று ஹாஜரா இரண்டு கைகளையும் நீட்டினாள். நூருன்னிசாவின் கைகள் எழுந்தன, பாதியிலேயே நின்றுவிட்டன. அப்படியே தரையில் உட்கார்ந்து மடியைக் காட்டினாள். பிள்ளை தானாக ஏறி உட்கார்ந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. திருப்பி அணைக்கத் துணிவில்லாமல் அவள் கைகள் தரையிலேயே கிடந்தன.