மூன்றாவது தடவை கூப்பிட்டிருக்கலாம்

சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆர்வினும் மகள் ஜனெலும் கணினி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார்கள். அப்பாவுக்கு நாற்காலி, மகளுக்குப் பிளாஸ்டிக் முக்காலி. விசைப்பலகை அவளிடம், மவுஸ் அவனிடம். அவள் நடப்பாள், அவன் சுடுவான். ஒற்றைச் சிப்பாயை இரண்டு பேர் ஓட்டினால் என்ன ஆகும்? சிப்பாய் சுவரில் முட்டிக்கொள்வான், வானத்தைப் பார்த்துச் சுடுவான். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ரொவேனாவுக்கு அந்தச் சிரிப்பு ஒவ்வொன்றும் சுருக்கென்று தைத்தது.

“வலது பக்கம், இந்தாய்! சுவரோட ஒட்டிப் போ!” மகளை வீட்டில் அப்படித்தான் செல்லமாகக் கூப்பிடுவார்கள்.

“பா, நீ சுடறதுக்குள்ள எனக்கே வயசாயிடும்.”

விளையாட்டின் பெயர் ‘கடைசி அணை’. பனி மூடிய மலையூர் ஒன்றை எதிரிகள் பிடித்துக்கொள்கிறார்கள். தப்பிப் பிழைத்த ஒரு சிப்பாயும் வேரா என்ற மருத்துவச்சியும் அணையை நோக்கி நடக்கிறார்கள். வழியெல்லாம் சண்டை, சண்டை ஓய்ந்தால் பேச்சு. இருபது வருடத்துக்கு முன் வந்த அந்தக் கதையை, அதே குரல்களை வைத்துக்கொண்டு, காட்சிகளை மட்டும் புதிதாகத் தீட்டி இந்த மழைக்காலத்தில் மறுபடி வெளியிட்டிருந்தார்கள். இப்போது வேராவின் கண்ணிமையில் பனி ஒட்டுவதுகூடத் தெரிந்தது.

இரண்டு பேர் சேர்ந்து ஓட்டும் அந்த வித்தை ரொவேனாவுடையது. அவளும் ஆர்வினும் கல்லூரியில் படித்த நாளில், ஹாரோ ஊர்த் தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் கடை இருந்தது. ஆளுக்கொரு இயந்திரம் எடுக்கக் கையில் காசு இல்லை. “நீ சுடு, நான் நடக்கறேன்” என்று சொன்னவள் அவள்தான். அப்படியே கதை முழுவதையும் முடித்தார்கள். கடைசிக் காட்சியில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஆர்வின் மவுஸை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தான். திரையில் அவர்களுடைய சிப்பாய் குண்டடிபட்டுச் செத்தான். அவன் சாகட்டும் என்று இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கல்யாணம் நிச்சயமானது மாதா கோவிலில் அல்ல, அந்தக் கடையில்தான் என்று ரொவேனா எப்போதும் நினைத்துக்கொள்வாள்.

அந்த இடத்தில் இப்போது பதினைந்து வயது மகள் உட்கார்ந்திருக்கிறாள்.

மருந்துக்கடையில் கூட வேலை பார்க்கும் லீசலிடம் ஒருநாள் வாய்விட்டுச் சொன்னாள். “சனிக்கிழமை ஆனா அப்பனும் மகளும் அந்த டப்பா முன்னாடிதான். வீட்ல நான்னு ஒருத்தி இருக்கறதே தெரியாது.”

லீசல் சிரித்தாள். “ஏண்டி, உன் புருஷன் குடிக்கிறானா? சேவல் கட்டுறானா? பெத்த பொண்ணோட விளையாடுறான். இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிறே. எம் புருஷன அனுப்பி வைக்கறேன், ஒரு வாரம் வெச்சுப் பாரு.”

ரொவேனாவும் சிரித்துவைத்தாள். மகள்மேல் பொறாமை என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் பொறாமை என்னவோ பச்சை மிளகாய் கடித்தது மாதிரி இருந்தது. தண்ணீர் குடித்தால் இன்னும் எரிந்தது. சண்டைக்காட்சி சூடுபிடிக்கும் நேரம் பார்த்து, “இந்தாய், வினிகர் தீந்துபோச்சு, ஓடிப்போய் வாங்கிட்டு வா” என்பாள். அலமாரியில் முழுப் புட்டி இருக்கும். மகள் முணுமுணுத்துக்கொண்டே போய் வருவாள். வந்ததும் சிரிப்பு விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

அந்தச் சனிக்கிழமை மேசையில் சோறும் கருவாடும் தக்காளியும் இருந்தன. ஆர்வின் குஷியாக இருந்தான்.

“இன்னிக்கு அணைக்குள்ள போறோம். என்ன நடக்கும்னு சொல்ல மாட்டேன். கைக்குட்டை மட்டும் எடுத்து வெச்சுக்கோ.”

“அவ்வளவு பயங்கரமாப்பா?”

“பாரேன். நான் அந்தக் காலத்துல அத முடிச்சப்போ கடையில எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்க.”

நான். ரொவேனாவின் கை சோற்றில் நின்றது. நாங்கள் இல்லை, அவன் அவளைச் செல்லமாகக் கூப்பிடும் பேரில் ‘நானும் வெங்கும்’ என்றும் இல்லை. வெறும் நான்.

“வேரா செத்துருவா,” என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. “மதகைத் திறந்து அவளை மூழ்கடிக்கறதே நாமதான். அவளுக்கு அது மொதல்லேருந்தே தெரியும். அவ்வளவுதான் கதை.”

ஆர்வின் அவளைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. திருவிழாவில் கைப்பொருளைத் தொலைத்தவன் போலப் பார்த்தான். தட்டை நகர்த்திவிட்டு, முன்கொட்டகையில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளிடம் போய்விட்டான்.

ஜனெல் தட்டுகளை எடுத்தாள். தொட்டியில் போட்டாள். திரும்பினாள்.

“எனக்குத் தெரியும்மா.”

“என்ன தெரியும்?”

“வேரா சாவான்னு. அது வந்த அன்னிக்கே கிளாஸ்ல பசங்க பூராத்தையும் உளறிட்டானுங்க. அப்பா அத ஒளிச்சு வெச்சு, ஒளிச்சு வெச்சு எவ்வளவு சந்தோஷப்பட்டாரு. அதுக்காகத்தான் வாயத் தெறக்காம இருந்தேன். நான் அழப்போறத பாக்கணும்னு காத்துட்டு இருந்தாரும்மா. கண்ணாடி முன்னாடி அழுதுகூடப் பாத்தேன்.”

ரொவேனாவுக்கு முகம் கொதித்தது. செய்தது சின்னத்தனம் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிதாக இன்னொன்று உறைத்தது. இந்தச் சின்னப் பெண் அவனை நேசிக்கிற லாவகம் தனக்கு வரவில்லையே என்று தோன்றியது. பொறாமை போய்விடும் என்று பார்த்தால், அது இன்னொரு படி ஏறி உட்கார்ந்துகொண்டது.

கொட்டகையில் ஆர்வின் நன்றாக இருந்த சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

“பொறாமையில சொல்லிட்டேன்,” என்றாள்.

“யார் மேல?”

“யார் மேலயா? உம் பொண்ணு மேலதான். சிரிக்காதே.”

அவன் சிரிக்கவில்லை. “அந்த விளையாட்ட வாங்கின அன்னிக்கு உன்னத்தான் மொதல்ல கூப்பிட்டேன், வெங். துணி காயப்போடணும்னே. மறுநாள் கூப்பிட்டேன், தலைவலின்னே.”

“மூணாவது தடவை கூப்பிட்டிருக்கலாம்.”

“கூப்பிட்டிருக்கலாம்,” என்றான். “நீ வேணாம்னு சொன்னா வேணாம்னே எடுத்துக்கறேன். இருபது வருஷமாச்சு, இன்னும் புத்தி வரல.”

“அது சரி, கடையில அத முடிச்சது நீ மட்டும்தானா?”

அவன் யோசித்தான். தான் சொன்ன வார்த்தை அப்போதுதான் அவன் காதில் விழுந்தது போலிருந்தது. எண்ணெய்க் கையைப் பின்கழுத்தில் தேய்த்துக்கொண்டான். கழுத்தெல்லாம் கறுப்பானது.

அன்று மாலையே அப்பாவும் மகளும் அணையை முடித்தார்கள். ரொவேனா கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். ஜனெல் அழுதாள், நன்றாகவே அழுதாள். அது பழகிய அழுகையா, நிஜமா என்று அம்மாவுக்கே புரியவில்லை. ஆர்வின் மகளின் தலையைத் தடவினான். அதைப் பார்க்க ரொவேனாவுக்கு இன்னமும் கொஞ்சம் எரிந்தது. ஆனால் எழுந்து போகவில்லை.

அடுத்த வாரம் அவளுக்கு மருந்துக்கடையில் விடுமுறை. ஆர்வின் வேலைக்கும் ஜனெல் பள்ளிக்கும் போனபிறகு கணினியைத் திறந்து, கதையை முதலிலிருந்து, தனக்கென்று தொடங்கினாள். இந்த விளையாட்டில் முதல் தடவையாக மவுஸும் அவள் கையில். முதல் வாசலிலேயே செத்தாள். மறுபடி செத்தாள். கோபத்தில் திரையைத் திட்டினாள், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ஆனால் அவள் மெதுவாக நடந்தாள். ஆர்வின் எப்போதும் அவசரக்காரன். குண்டு தீரும் முன் அடுத்த கதவு என்று விரட்டுவான். அவள் பின்தங்கி, எரிந்துபோன ஒரு தையல்கடையின் பின்கதவைத் தள்ளிப் பார்த்தாள். திறந்துகொண்டது. உள்ளே எதிரி யாரும் இல்லை. ஒரு அடுப்பு, ஒரு கட்டில், சுவரில் ஒரு படம். வேரா உள்ளே வந்து, கட்டில் ஓரம் உட்கார்ந்து, “இங்கேதான் பிறந்தேன்” என்றாள். பிறகு தன் அம்மாவைப் பற்றி நெடுநேரம் பேசினாள். ரொவேனா அசையாமல் கேட்டாள். இத்தனை வருடத்தில் இந்தப் பேச்சை அவளும் ஆர்வினும் கேட்டதே இல்லை. ஜனெலும் கேட்டிருக்க மாட்டாள். அப்பன்தானே அவளை விரட்டிக்கொண்டே இருந்தான்.

மாலையில் ஆர்வின் வந்ததும், “விளையாடினியா? எதுவரைக்கும் போனே?” என்றான்.

“மொத தெருவே தாண்டல,” என்றாள் ரொவேனா.

“உதவிக்கு வரட்டுமா?”

“வேணாம்.”

வேணாம் என்றால் வேணாம் என்றே எடுத்துக்கொண்டு அவன் குளிக்கப் போனான். அந்த அறையைப் பற்றி அவனிடம் சொல்ல வாய் துடித்தது. மகளிடம் சொல்லவும்தான். அவள் யாரிடமும் சொல்லவில்லை.