சிவப்பு டேப் சுற்றிய ஹெட்போன்

கத்தரிக்கோல் ஜோதியின் கையில் இருந்தது. பாதிப் பின்னல் ஏற்கெனவே தரையில் கிடந்தது.

அடுப்படியிலிருந்து தோசைத்திருப்பியோடு ஓடிவந்த மணிமேகலை, கண்ணாடி முன் நின்ற மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள். ஏழாம் வகுப்புப் படிக்கிற பெண். முகத்தில் அழுகை இல்லை. அதுதான் தாய்க்குப் பயமாக இருந்தது.

"என்னடி பண்ற? கிறுக்கு புடிச்சிருக்கா?"

"விடும்மா. மொட்டை அடிச்சிட்டா பேன் இருக்குன்னு சொல்ல முடியாதுல்ல. அப்ப எல்லாரும் போடுற ஹெட்போன எனக்கும் குடுப்பாங்க."

"உனக்குத்தான் பேனே இல்லையேடி."

"அது உனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியுமா?"

அவர்களுக்கும் நன்றாகத் தெரியும் என்று அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? மணிமேகலை கத்தரிக்கோலைப் பிடுங்கி, மிச்சமிருந்த முடியைக் கழுத்தளவுக்கு ஒழுங்காக வெட்டிவிட்டாள். மகளின் ஹெட்போனில் சிவப்பு டேப்பைச் சுற்றியதும் அதே கைதான்.

மணிமேகலைக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வேலை. அங்கே புதிதாக ஆங்கிலப் பேச்சுக்கென்று ஒரு லேப் வைத்திருந்தார்கள். அதற்கு அவள் அசிஸ்டென்ட். பிள்ளைகள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். மெஷின் ஒரு வாக்கியம் சொல்லும். 'இப்போது நீங்கள் சொல்லுங்கள்' என்று ஆங்கிலத்தில் கேட்கும். பிள்ளை மைக்கில் திரும்பச் சொன்னால், குரலைப் பதிந்துகொண்டு மார்க் போடும். நல்ல மெஷின். யார் எந்தத் தெரு என்று விசாரிக்க அதற்கு இன்னும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

ஜோதியும் அங்கேதான் படித்தாள். ஊழியர் பிள்ளை என்று பாதிக் கட்டணம். ஆடி மாதம் வரை எல்லாப் பிள்ளைகளையும்போலத்தான் இருந்தாள். ஒருநாள் வகுப்பாசிரியை ரஞ்சனி, "ஸ்காலர்ஷிப் வாங்குற எஸ்.சி. பசங்க எல்லாம் எந்திரிங்க" என்று சொன்னாள். ஜோதி ஒருத்திதான் எழுந்து நின்றாள். அதற்கு அடுத்த வாரம் பேன் பிறந்தது. அதுவரை ஒருவர் கண்ணிலும் படாத பேன்.

தாளாளர் ரங்கநாதன் மணிமேகலையைத் தம் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, காபி தருவித்துப் பேசினார். யாரையும் 'நீ' என்று அழைக்காத மனிதர்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இது சுகாதார விஷயம். பேரன்ட்ஸ் கவலைப்படுறாங்க. உங்க பொண்ணுக்குன்னு ஒரு ஹெட்போன ஒதுக்கிடுங்க. மாறிடாம இருக்க ஏதாவது அடையாளம் போட்டு, மூலை சீட்டுல வச்சிடுங்க."

டீக்கடையில் தனி டம்ளர் வைத்தால் போலீஸ் வரும். ஹெட்போனைத் தனியாக வைத்தால் அதற்குப் பெயர் சுகாதாரம். மணிமேகலை அந்தக் காபியைத் தொடவில்லை. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒயர் ஒட்டுகிற சிவப்பு டேப்பை எடுத்து, சொன்னதைச் செய்தாள். செய்தேனே என்று இன்றுவரை அவள் தன்னையே திட்டிக்கொள்கிறாள்.

பின்னல் போன அன்று காலை, காட்டூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது ஜோதி ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். மணிமேகலையின் மனம் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் லேபைக் கூட்டித் துடைத்த பிறகு, கதவைச் சாத்தினாள். மூலை சீட்டு ஹெட்போனிலிருந்து டேப்பை உரித்தாள். அந்த ஹெட்போனைக் கொண்டுபோய் முதல் வரிசையில் ஹரிஹரசுதன் உட்காருகிற இடத்தில் செருகினாள். அவனுடையதை எடுத்து, டேப்பைச் சுற்றி, மூலையில் வைத்தாள். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு. பெற்ற தாய்க்கே வித்தியாசம் தெரியாது.

மறுநாள் ஹரிஹரசுதன் வந்து மாட்டிக்கொண்டான். அவன் காது அறுந்து விழவில்லை. ஆங்கில வாக்கியம் நன்றாகவே வந்தது. பாவம், அவன் மேல் மணிமேகலைக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் அவனுடைய அம்மா பானுப்ரியா மேல். ஹார்டுவேர் கடைக்காரர் மனைவி, பெற்றோர் சங்கத்துத் தலைவி. பேனைக் கண்டுபிடித்தவளே அவள்தான். பள்ளிக்கு வரும்போதெல்லாம் லேபின் கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்த்து, சிவப்பு டேப் மூலையில்தான் இருக்கிறதா என்று நிச்சயம் செய்துகொண்டு போவாள். அவள் அப்படிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போகிறபோது, லேப் முழுவதையும் இயக்குகிற கன்சோலுக்குப் பின்னால் மணிமேகலைக்கு உள்ளுக்குள் இனித்தது. பழிவாங்குவது இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அவளுக்கு முன்னால் தெரியாது.

தினமும் ஒரு ஹெட்போன். டேப் லேப் முழுக்கச் சுற்றி வந்தது.

கணவன் செல்லக்கண்ணுவிடம் மட்டும் சொன்னாள். காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் லோடு அடிக்கிறவன். கேட்டதும் சாப்பிட்ட சோறு புரையேறுகிற அளவுக்குச் சிரித்தான். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது.

"தெரிஞ்சா வேலை போயிடும் மேகலை. பாதி பீஸுக்கு இவள வேற யாரு சேர்த்துக்குவா?"

"செய்யாம இருந்தா எனக்குத் தூக்கம் போயிடும்" என்றாள் அவள்.

ஆனால் அந்த ருசி நிலைக்கவில்லை. கார்த்திகையில் ஒருநாள் கன்சோலில் வகுப்பு மார்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜோதியின் வரி காலியாக இருந்தது. மெஷின் வாக்கியம் சொல்கிறது, திரும்பச் சொல்லக் கேட்கிறது, காத்திருக்கிறது. ஜோதி வாயைத் திறக்கவே இல்லை. சிவப்பு டேப்பை மாட்டிக்கொண்டு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். எத்தனை நாளாக என்று பார்த்தால், மாதக்கணக்காக.

மணிமேகலைக்கு யாரோ செவிட்டில் அறைந்ததுபோல் இருந்தது. தான் மட்டும் ரகசியமாக ஜெயித்துக்கொண்டிருக்க, பிள்ளை அங்கே தினமும் தோற்றுக்கொண்டிருக்கிறது. யாருக்கும் தெரியாமல் செய்கிற பழி யாருக்கு உறைக்கும்? இதை அவர்கள் காதில் போட வேண்டும். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்க வேண்டும்.

அதற்கு நாளும் அவர்களே குறித்துக் கொடுத்தார்கள். லேபைப் பெற்றோருக்குக் காட்டுகிற விழா. பெற்றோர் சீட்டில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினால், அவரவர் பிள்ளை பேசிய ஆங்கிலம் காதில் கேட்கும். ரங்கநாதன் முந்தின நாளே வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நாளைக்கு ஜோதிய லைப்ரரில உட்கார வச்சிடுங்கம்மா. அந்த டேப் போட்டத பீரோவுல வச்சிடுங்க. பார்த்தா நாலு பேர் கேள்வி கேப்பாங்க."

"சரிங்க சார்" என்றாள் மணிமேகலை. அவ்வளவு பணிவாக அவள் என்றுமே சொன்னதில்லை.

மறுநாள் லேப் நிரம்பி வழிந்தது. மல்லிகைப்பூவும் பட்டுப்புடவையுமாக அம்மாக்கள், இஸ்திரி போட்ட சட்டையில் அப்பாக்கள். பிள்ளைகள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். பானுப்ரியா முதல் வரிசை. மகனின் ஆங்கிலத்தைக் கேட்டு அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ரங்கநாதன் வாசல் பக்கம் கைகட்டி நின்று எல்லாரையும் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தார்.

மணிமேகலை எல்லா சீட்டுக்கும் சேர்த்துப் பேசுகிற பட்டனை அழுத்தினாள். எல்லா மைக்கும் பதிகிற பட்டனையும் அழுத்தினாள். பிறகு பேசினாள். சத்தம் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. அவள் குரல் அவர்கள் காதுக்குள்ளேயே இருந்தது.

"வணக்கம்ங்க. லேப் அசிஸ்டென்ட் மணிமேகலை பேசுறேன். ஜோதி எம் பொண்ணு. அவ தலையில பேன்னு சொல்லி அவளுக்குத் தனி ஹெட்போன் வைக்கச் சொன்னீங்க. டேப் சுத்தி வச்சேன். அந்த டேப்ப தினம் சாயங்காலம் நானே கழட்டி வேற ஒண்ணுல சுத்திட்டேன். அவ போட்டத மறுநாள் உங்க பிள்ளைங்க போட்டுச்சுங்க. ஒண்ணு பாக்கி இல்லாம எல்லாத்தையும் அவ போட்டாச்சு. இப்ப உங்க காதுல இருக்கறதையுந்தான். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. யார் வீட்டுப் பிள்ளைக்காவது பேன் வந்துச்சா?"

ஹெட்போன்கள் மேசையில் விழும் சத்தம் வரிசையாகக் கேட்டது. ஒருத்தி முந்தானையால் துடைத்தாள். ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். இன்னொருத்தி மகளை இழுத்து அணைத்து அவள் காதையும் சேர்த்துத் துடைத்தாள். பேனுக்குப் பயந்தவர்கள் என்றால் தலையைச் சொறிந்திருக்க வேண்டும். இவர்கள் அத்தனை பேரும் காதைத் துடைத்தார்கள். கடைசி வரிசையில் ஒரு தகப்பனார் மட்டும் ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பானுப்ரியா ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு எழுந்தாள். மைக் அவள் வாய்க்கு நேராக இருந்தது.

"பேனாவது ஒண்ணாவது. காலனிப் பொண்ணு போட்டத எம் புள்ள காதுல மாட்டி விட்டுருக்கியே, உனக்கு எவ்வளவு திமிரு இருக்கணும்? எங்களோட சரிசமமா உட்கார வச்சதே தப்பு."

இதற்காகத்தான் மணிமேகலை காத்திருந்தாள். வகுப்பில் எப்போதும் செய்வதைத்தான் செய்தாள். பதிந்ததை எடுத்து, சுவரில் இருந்த ஸ்பீக்கரில் போட்டாள்.

பானுப்ரியாவின் குரல் லேப் முழுக்க ஒலித்தது. ஒரு சொல் விடாமல், மூச்சு வாங்குவது உட்பட. முடிந்ததும், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கேட்பதைப்போலவே மெஷின் இனிமையாகக் கேட்டது: 'இப்போது நீங்கள் சொல்லுங்கள்.' திரைகளில் எல்லாம் பச்சை விளக்கு எரிந்து காத்திருந்தது.

பெரியவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஹரிஹரசுதன் வருஷம் முழுக்க அந்தக் குரலுக்குக் கீழ்ப்படிந்தவன்.

"காலனிப் பொண்ணு போட்டத..." என்று பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டான்.

கழுத்திலிருந்த ஹெட்போன் கீழே விழ, பானுப்ரியா பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள். மகன் வாயிலிருந்து அதைக் கேட்க அவளால் முடியவில்லை. அவள் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மணிமேகலை அந்த முகத்தை அவசரமில்லாமல், ஆசை தீரப் பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் லேப் காலியாகி, கூட்டம் வராந்தாவில் முணுமுணுத்துக்கொண்டு நின்றது. ரங்கநாதன் வேர்த்துப்போய் கன்சோல் பக்கம் வந்தார்.

"இத பெரிசு பண்ண வேணாம்மா. அந்த ரெக்கார்டிங்க அழிச்சிடுங்க. ஜோதி நாளையிலேருந்து எங்க வேணும்னாலும் உட்காரட்டும். உங்க வேலைக்கு நான் பொறுப்பு."

"போன்ல ஏத்திட்டேன் சார். ஸ்டேஷன்ல போட்டுக் காட்டணும்ல. தனியா வைக்கச் சொன்னது யாருன்னும் கேப்பாங்க."

அவ்வளவுதான், அவருடைய மரியாதை கழன்று விழுந்தது.

"நீ வெளிய போடி. நாளைலேருந்து இந்த வாசல்ல உன்னப் பார்க்கக் கூடாது."

"நாளைக்குத்தானே சார். இன்னைக்கு எனக்கு ட்யூட்டி இருக்கு."

அவள் நேராக லைப்ரரிக்குப் போய் ஜோதியைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். வராந்தாக் கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. இந்தத் தடவை தீட்டுக்குப் பயந்து விலகியதா, வேறு எதற்காவதா என்று மணிமேகலை பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

உள்ளே வந்த ஜோதி தலையைக் குனிந்துகொண்டு மூலை சீட்டுக்கே போனாள். அங்கே ஹெட்போன் இல்லை; அது பீரோவுக்குப் போயிருந்தது. திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"எங்கம்மா உட்காரட்டும்?"

"எல்லாமே நீ போட்டதுதான் கண்ணு. தினம் மாத்தி மாத்தி வச்சேன். ஒருத்தருக்கும் தெரியல. உனக்குப் புடிச்ச எடத்துல உட்காரு."

ஜோதி அதை முழுதாகப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. காலியான நாற்காலிகளை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு நடந்துபோய் முதல் வரிசையில், பானுப்ரியா எழுந்த இடத்தில் உட்கார்ந்தாள். கீழே கிடந்த ஹெட்போனை எடுத்து மாட்டி, மைக்கை வாய்க்கு நேராக இழுத்துக்கொண்டாள்.

மெஷின் ஒரு வாக்கியம் சொன்னது. ஜோதி திரும்பச் சொன்னாள். முதல் தடவை குரல் தடுமாறியது. இரண்டாவது வாக்கியம் வராந்தா வரை கேட்டது.

ரங்கநாதன் மெயின் சுவிட்சை நோக்கி வேகமாக நடந்தார். மணிமேகலை அதற்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"பாடம் முடியட்டும், சார்."