ஒரு கைதட்டல் என்றால் தண்ணீர்

பாலக்கரையில் ஸ்தனிஸ்லாஸின் வீட்டு மாடியில் இருக்கிற ரெக்கார்டிங் அறைக்குப் போக இருபத்தாறு படி ஏற வேண்டும். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். மாதா கோயில் பாட்டுக்குழுவுக்கு முப்பது வருடமாக கிட்டார் வாசிக்கிற மனிதர். அறுபத்தெட்டு வயதுக்காரியைப் பாடவைக்க ஆசைப்பட்டால் அறையைக் கீழே போட்டிருக்க வேண்டாமா? கேட்டால் சிரிக்கிறார்.

நான் காட்டூர் மாரியாயி. திருவிழா மேடைகளில் நாற்பது வருடம் நாட்டுப்புறப் பாட்டு பாடியவள். மைக் இல்லாவிட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் என்று என் குரலைச் சொல்வார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் முசிறிப் பக்கம் ஒரு திருவிழாவில், மேல் சுருதிக்கு ஏறும்போது அந்தக் குரல் அறுந்துவிட்டது. கூட்டம் ஒன்றும் சொல்லவில்லை, பாவம். அதற்கப்புறம் நான் மேடை ஏறவில்லை.

ஸ்தனிஸ்லாஸ் வந்து கேட்டபோது எரிச்சல்தான் வந்தது. கறுப்பு வெள்ளைக் காலத்துச் சினிமாப் பாட்டுகள் பத்து. தவில் கிடையாது, பம்பை கிடையாது, அவருடைய கிட்டார் மட்டும்.

"கத்தவே வேணாங்கக்கா. உக்காந்துக்கிட்டு, வீட்டுல யாருக்கோ பாடுற மாதிரி பாடுங்க. போதும்."

வீட்டில் நான் யாருக்குப் பாடினேன்?

எங்களுக்குத் தொண்டைதான் சோறு. விடிய விடியப் பாடிவிட்டு வந்தால் மறுநாள் வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் குழுவின் பழக்கம். மற்றவர்கள் கொஞ்சம் அப்படி இப்படி இருப்பார்கள். நான் கறார். வீட்டில் எல்லாம் கைதட்டல்தான். ஒன்று தட்டினால் தண்ணீர் கொண்டு வா. இரண்டு தட்டினால் பாடம் படி. மூன்று தட்டினால் போய்த் தூங்கு. என் மகள் கலைமதி அப்படித்தான் வளர்ந்தாள். மாசியிலிருந்து ஆடி முடிகிற வரைக்கும், திருவிழாக் காலம் பூராவும், அவளுக்கு ஊமை அம்மா. ஊருக்கெல்லாம் பாடினேன், பெற்ற பிள்ளைக்குக் கையைத் தட்டினேன்.

அவள் ஒரு தடவைகூட என் நிகழ்ச்சிக்கு வந்து உட்கார்ந்ததில்லை. இப்போது ஸ்ரீரங்கத்தில் பாங்க் வேலை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். மாத்திரை போட்டியா, கேஸ் வந்துச்சா, சரி வைக்கவா. நாலு நிமிடம். அதைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஸ்தனிஸ்லாஸிடம் சரி என்று சொன்னதற்குக் காரணம் பாட்டு இல்லை. சத்தம் இல்லை, புழுதி இல்லை, நாற்காலி போட்டிருக்கிறார்கள். இதற்காவது அவள் வரமாட்டாளா? சாவதற்குள் என் மகள் என்னை ஒரு தடவை உட்கார்ந்து கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அதையும் அவளிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ரெக்கார்டிங்கின் கடைசி நாளில் அது தானாகவே அமைந்தது. மறுநாள் காலையில் ஸ்ரீரங்கத்தில் எனக்குக் கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். என்னை அழைத்துப்போக, சாயங்காலம் பாங்க் முடிந்து ஸ்கூட்டரில் வந்தாள்.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் சார்?"

"ஒரே பாட்டுதாங்க. உக்காருங்க."

உட்கார்ந்தாள். ஸ்தனிஸ்லாஸ் மின்விசிறியை நிறுத்தினார். ஜன்னலில் மெத்தையைச் சாத்தியும் ஆட்டோ ஹாரன் கேட்டது. கீழ்ச் சுருதியில், உடைந்த குரலை உடைந்தபடியே விட்டுப் பாடினேன். இவ்வளவு நன்றாக நான் பாடியதே இல்லை, அது எனக்கே தெரிந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். மகாராணி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த ஆத்திரத்தில் சரணத்தைக் கோட்டை விட்டேன்.

"என்னாச்சுக்கா?"

"ஒண்ணுமில்ல. மறுபடி எடுங்க."

மறுபடி எடுத்தோம். பாதியில் தொண்டை காய்ந்துவிட்டது. தண்ணீர்ச் சொம்பு மேசையின் அந்தக் கோடியில் இருந்தது. நான் எதையும் யோசிக்கவில்லை. கை தானாக ஒரு தடவை தட்டியது.

கலைமதி எழுந்துவிட்டாள். நாற்பத்திரண்டு வயது, பாங்க் ஆபீசர், கழுத்தில் அடையாள அட்டை வேறு. மடியில் இருந்த போன் கீழே விழுந்ததைக்கூடப் பார்க்காமல் சொம்பை எடுத்து என் முன்னால் நீட்டினாள். அப்புறம்தான் இருவருக்கும் உறைத்தது.

"வாயத் திறந்து கேட்டா என்னம்மா?" என்றாள். "இப்பவுமா?"

ஸ்தனிஸ்லாஸ் தலையைக் குனிந்துகொண்டு கிட்டாரின் கம்பியை முறுக்கினார்.

"தண்ணி குடு, கலை," என்றேன். சொம்பை வாங்கிய பிறகு கேட்கிறேன், கிறுக்கி மாதிரி. "அப்பவே கேட்டிருக்கணும். தப்புதான்."

அவள் குனிந்தாள். போனை எடுத்துத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பாட்டை முடித்தேன். அசதியில் எப்படி முடித்தேன் என்று நினைவில்லை.

ஸ்தனிஸ்லாஸ் பதிவைப் போட்டுக் காட்டினார். பாட்டுக்கு முன்னால் என் பேச்சு ஓடியது. அவள் வருவதற்கு முன்னால், மைக் திறந்திருப்பது தெரியாமல் பேசியது. முழங்கால் வலி, இவர் வீட்டுப் படிகள், அப்புறம், 'டீக்குச் சக்கரை போட மறந்துட்டீங்களா, இல்ல எனக்கு சுகர்னு யாராவது சொல்லிட்டாங்களா?'

"இதெல்லாம் வெட்டிருவேங்க," என்றார் அவர்.

பாட்டு முடிகிறவரை கலைமதி மரியாதையாகக் கேட்டாள். "நல்லாருக்கு," என்றாள், கவுன்ட்டரில் அடுத்த ஆளைக் கூப்பிடுகிற குரலில். பிறகு, "சார், அந்தப் பேச்சு எல்லாப் பாட்டுக்கும் இருக்கா?"

"இருக்குங்க. அக்கா வாய் சும்மா இருக்குமா?"

"அத வெட்டாதீங்க. எனக்கு அத மட்டும் அனுப்புங்க. பாட்டு வேணாம்."

பாட்டு வேண்டாமாம். நாற்பது வருடப் பிழைப்பு, முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அந்த இருபத்தாறு படியையும் ஒவ்வொன்றாக இறங்கும்போது, வருடத்தில் பாதி நாள் பேசாத ஒரு அம்மாவை நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் கோபம் நிலைக்கவில்லை, கோபப்பட உடம்பில் வலுவும் இல்லை.

காவிரிப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தன. தொண்டை ரணமாக இருந்தது. பழக்கம், வாயை மூடிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். பாதிப் பாலத்தில் கலைமதி ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினாள். ஹெல்மெட்டைக் கழற்றி என் மடியில் வைத்தாள்.

"இது இருந்தா சரியா கேக்காது. ஏம்மா பேசாம வர்ற?"

தொண்டை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

"அந்த சார் வீட்டுல எத்தன படி?" என்று அவளே கேட்டாள்.

"இருபத்தாறு."

"எண்ணுனியா?"

"எண்ணாம? ஏழாவது படி ஒடஞ்சிருக்கு. அத மொத நாளே சொன்னேன் அந்த மனுஷன்கிட்ட..."

வண்டி நகர்ந்தது. ஏழாவது படி, பதினைந்தாவது படியில் தூங்குகிற பூனை, மாடி வீட்டு டீ என்று அவள் முதுகுக்குப் பின்னால் இருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். அம்மா மண்டபம் ரோடு வருவதற்குள் குரல் வெறும் காற்றாகிவிட்டது. அவள் தலையைப் பின்னால் சாய்த்துக் காதை என் வாய்ப் பக்கம் கொண்டுவந்தாள்.

"அப்புறம்?" என்றாள்.