தலை நனையாத வெந்நீர்

தலைகள் மட்டும் மிதக்கின்றன, ஆவிக்கு நடுவே, காபி நிறத் தண்ணீருக்கு மேலே, தலைக்கொரு சின்னத் துண்டு மடித்து வைத்திருக்கிறார்கள், கழுத்துக்குக் கீழே யாருக்கும் உடம்பே இல்லை என்பது போல, அதில் ஒரு தலை என் மனைவி உலகம்மையுடையது, உச்சியில் கொண்டை போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறாள், பக்கத்தில் எங்கள் மகள் ஆதிரை, அப்பா நாம காபிக்குள்ள இருக்கோம் என்று கத்துகிறாள், பாலே ஊத்தல பாருங்க, வெறும் வரக்காப்பி என்கிறாள் உலகம்மை, சிரிக்கிறாள், நானும் சிரித்தேன், சிரித்ததாகத்தான் நினைக்கிறேன், முகத்தில் தோல் நகர்ந்தது தெரிந்தது. மலையடிவாரத்து வெந்நீர் ஊற்றை வளைத்து ஜப்பான்காரர்கள் இதைப் பூங்காவாக்கியிருக்கிறார்கள், நீச்சலுடையோடு குடும்பமாக இறங்கலாம், காபித் தொட்டி உண்டு, தேநீர்த் தொட்டி உண்டு, சறுக்குமரம் உண்டு, தலையை முக்குவது மட்டும் கூடாது, வாசலிலேயே படம் போட்டு எழுதியிருக்கிறார்கள்.

சற்று முன்தான் போட்டோ எடுக்கலாம் என்று லாக்கருக்குப் போய் போனைத் திறந்தேன், தென்காசியிலிருந்து மைத்துனன் வேலாயுதம் விடாமல் அழைத்திருந்தான், ஈரக் கையோடு திருப்பி அழைத்தேன், அப்பா போயிட்டாவ அத்தான், பல்லு வெளக்கிட்டு வந்து நாற்காலில உக்காந்தாவ, அப்படியே சாஞ்சிட்டாவ, ஐஸ் பெட்டி சொல்லியிருக்கு, அக்கா வந்து மொகத்தப் பாத்தப்புறம்தான் எடுப்போம், இன்னைக்கே கெளம்பிருங்க, அவகிட்ட பக்குவமாச் சொல்லுங்க அத்தான். சரி என்றேன், லாக்கரைப் பூட்டினேன், சாவி வளையத்தை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டேன், நடந்தேன், கால் தரையில் படுவதே தெரியவில்லை, தொட்டிக்குள் இறங்கியதும் தெரியவில்லை, அழுகை வரவில்லை, பயமாக இருந்தது, அதுகூடத் தள்ளி எங்கோ இருந்தது.

மாமா குற்றாலத்து ஐந்தருவியில் நிற்கிறார், எங்களுக்குக் கல்யாணமான புதிது, உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்க, ஓரமா நின்னு தோள நனைச்சிட்டு வந்தா எப்படி மாப்ளே, தலையக் குடுங்க, தலை நனையாம என்ன குளியலு என்று என் பிடரியைப் பிடித்து உள்ளே தள்ளுகிறார், மூச்சு முட்டுகிறது, காது அடைக்கிறது, பார்த்தால் அருவி சுடுகிறது, ஆவி பறக்கிறது, மாமா தலையில் துண்டை மடித்து வைத்துக்கொண்டு ஜப்பான்காரர்களோடு கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறார், போன வாரம் வீடியோவில் பார்த்த அதே நரைத்த தாடி, அங்க குளிரா மாப்ளே என்கிறார், இல்ல மாமா, சூடாத்தான் இருக்கு என்கிறேன்.

யார்ட்டப் பேசுதீங்க என்று உலகம்மை கேட்கிறாள், ஒண்ணுமில்ல என்கிறேன், போன் எடுக்கப் போனீங்க, வெறுங்கையோட நிக்கீங்க, சார்ஜ் இல்ல என்கிறேன், பொய் எவ்வளவு லேசாக வருகிறது, முட்டி வலிக்கு இந்தத் தண்ணி நல்லதாம்லா, அடுத்த வருசம் அப்பாவக் கூட்டியாந்திரணும் என்கிறாள், கூட்டியாந்திரலாம் என்கிறேன், இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, அதை நானே நிறுத்த வேண்டும், இப்போதே, விமானம் பிடிக்க வேண்டும், வாயைத் திறந்தேன், ஆவிதான் உள்ளே போனது. எங்கள் பக்கம் துட்டிச் செய்தி, சாவுச் சேதி, காதில் விழுந்தால் தலை முழுக வேண்டும், எந்த ஊரில் இருந்தாலும், உடுத்திய துணியோடு, யோசித்துச் செய்வதில்லை அது, சோற்றில் கை வைத்தால் வாய்க்குப் போகிற மாதிரி தானாக நடக்கும், நடந்தது, முழங்கால் மடங்கியது, மூக்கைப் பிடித்தேன், முங்கினேன், எழுந்தேன், மறுபடி முங்கினேன், உள்ளே சத்தமே இல்லை, அங்கேயே இருந்துவிடலாம் போல இருந்தது, மூன்றாம் முறை எழுந்தபோது கரையில் ஒரு பணியாளர் குனிந்து, கையைக் குறுக்கே ஆட்டி, தானே தப்பு செய்துவிட்டவர் போன்ற குரலில் கூடாது என்கிறார், நான் தலை தாழ்த்துகிறேன், அவரும் தாழ்த்துகிறார், ஐய்யே, அப்பாவத் திட்டிட்டாங்க என்று ஆதிரை கைதட்டுகிறாள்.

உலகம்மை சிரிக்கவில்லை. என் தலையிலிருந்து சொட்டுகிற தண்ணீரையே பார்க்கிறாள், அவளும் தென்காசிக்காரி, வளர்ந்த ஆள் ஒருவன் எதற்கு இப்படி மூன்று முறை முங்குவான் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. யாருங்க என்றாள், மெதுவாகத்தான், உங்க வீட்லயா, எங்க வீட்லயா. என் வீட்டில்தான் என்று சொல்ல முடிந்தால் தேவலை என்று இருந்தது, என் அம்மா அங்கே நன்றாக இருக்கிறாள், ஆனாலும் அப்படித்தான் இருந்தது. அப்பாவா என்றாள். நான் தலையாட்டினேனா, தெரியவில்லை, ஆதிரையின் கையை எடுத்து என் கையில் வைத்தாள், கொண்டையை அவிழ்த்தாள், முடி காபித் தண்ணீரில் விழுந்து பரவியது, பணியாளர் மறுபடி ஓடி வருகிறார், கையை ஆட்டுகிறார், ஆவிக்குள்ளிருந்து எல்லாத் தலைகளும் எங்கள் பக்கம் திரும்புகின்றன, அவள் தலையை மட்டும் காணோம்.