தெருவுக்கு வந்த ஏற்றம்

2024ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் பதினான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலையில் தூறல், மாலையில் இளவெயில். அன்று சித்தேரி மலையின் ஏற்றம், பாப்பிரெட்டிப்பட்டியில் தையற்கடை நடத்தும் சுகுணாவைப் பின்தொடர்ந்து அவர் தெருவுக்கு வந்து சேர்ந்தது. தண்ணீர்த்தொட்டி முதல் அவர் வீட்டு வாசல்வரை மட்டமாயிருந்த தெரு, செங்குத்தாக உயர்ந்து நின்றது.

மலையூர் நோயாளிகளை இறக்க ஒரு ஜீப் வாங்கவென, நிதி திரட்டும் மிதிவண்டிப் பயணம் ஏற்பாடாகியிருந்தது. கருங்கல் பாவிய பழம்பாதையில் ஒரு பெண்ணேனும் கால் ஊன்றாமல் உச்சியை அடைந்தால் ஜீப்பைத் தாமே தருவதாக லாரி உரிமையாளர் பச்சியப்பன் அதன் அறிவிப்பு மேடையில் வேடிக்கையாகக் கூறினார். சுகுணா உடனே பெயர் கொடுத்தார். ரவிக்கை தைக்க வரும் மலைப்பெண் ராமக்காவின் மகளை, பிரசவ வலியோடு போர்வைத் தூளியில் கட்டி மலையிலிருந்து இறக்கியதை அவர் கண்டிருந்தார். அம்மகள் இப்போது மீண்டும் கருவுற்றிருந்தாள். எனினும் பயிற்சியில் ஒவ்வொரு முறையும் கடைசி வளைவில் சுகுணாவின் கால் தரையைத் தொட்டது.

மலையேறுவோர் பாதையோரத்தில் ஒரு தழையை ஒடித்துப் போட்டுச் செல்வது அங்குள்ள வழக்கம். அந்த ஞாயிறன்று பயிற்சி முடித்த சுகுணாவோ, அதனைக் கோயில் பிரசாதம்போல் கருதி, குவியலிலிருந்து ஒரு தழையை எடுத்து ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டு வீடு திரும்பினார். ஏற்றமும் உடன் வந்தது. மலைப்பாதை பேருந்து நிலையம்போல் மட்டமாயிற்று. பயிற்சிக்கு வந்த பிறர் பெரிதும் மகிழ்ந்தனர். தெருவில் ஆடுகள் மகிழ்ந்தன.

"ஏ சுகுணா, நீ சைக்கிள் ஓட்டுறதுக்கு என் தோச ஏன் ஒரு பக்கமா ஓடுது?" என்றார் கணவர் மாதவராஜ்.

"ஓடுற பக்கம் தட்ட வைங்க" என்று கூறிவிட்டு, சுகுணா அவ்வேற்றத்திலேயே நாள்தோறும் மிதிவண்டியில் பால் வாங்கிவந்தார்.

பயணத்திற்குச் சில நாள் முன்பு வந்த ராமக்கா, தழையைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"போடுற எடத்துல எடுத்துட்டு வந்தியா? அதான் மல உன் வூட்டுக்கே விருந்தாடியா வந்திருக்குது!"

"இத வெச்சிக்கிட்டா ஈசியா ஜெயிச்சிரலாமேக்கா?"

"ஜெயிக்கலாம் கண்ணு. எங்க மேட்டக் காணடிச்சிட்டு எங்களுக்கு ஜீப்பு எதுக்கு?"

மறுநாள் சுகுணா தழையைக் குவியலில் சேர்த்தார். தெரு படுத்துக்கொண்டது, மலை நிமிர்ந்தது.

ஆகஸ்டு பதினொன்றாம் நாள் நடந்த பயணத்தில் ஆண்கள் பலரும் கற்களில் வழுக்கி இறங்கித் தள்ளினர். கடைசி வளைவில் சுகுணா இருக்கையிலிருந்து எழுந்து நின்று மிதித்தார். "உடாத கண்ணு, உடாத!" என்று ராமக்கா பக்கத்திலேயே ஓடிவந்தார். சுகுணா விடவில்லை, கால் ஊன்றாமல் உச்சியை அடைந்தார். ஆனால் ஏறிப் பழகிய கால்கள் நிற்கவில்லை. மலை முடிந்த இடத்திலும் மிதிவண்டி தொடர்ந்து ஏறி, பலாமர உயரத்தில் ஒரு சுற்று வந்தது. உச்சியில் காத்திருந்த பச்சியப்பன் தொப்பியைக் கழற்றி அண்ணாந்து பார்த்தார்.

"ஜீப்பு தரேன், எறங்குங்கம்மா!"

"எப்ப தருவீங்க?"

"இன்னைக்கேங்க!"

அதன் பின்னரே சுகுணா பிரேக் பிடித்தார். அவருடைய வலக்கால் தரையைத் தொட்டபோது காலை மணி பத்து இருபத்து மூன்று.